அழைக்காமல் வந்த நான்காவது சுரம்

எங்கள் ஓய்வூதியர் சங்கம் கொண்டுவரும் மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மஞ்சுநாத் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொலைபேசி நிலையத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். இப்போது அவரே ஓய்வு பெற்றுவிட்டார்.

"சார், ஜனங்க லேண்ட்லைனையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. நம்ம வேலை என்னன்னு நீங்க எழுதலேன்னா யாரு எழுதறது?" என்றார்.

மழையில் அறுந்த கேபிள்களைப் பற்றியும், தேர்தல் நாள் பரபரப்பைப் பற்றியும் மற்றவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். நான் கற்ற வேலை என்னை உண்மையாகச் சோதித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நிலையத்தில் இல்லை. மைசூர் அக்ரஹாரத்தில் என் வீட்டுக் கூடத்தில். ஒரு தேவாலய ஆர்கனின் முன்னால். இதைச் சொன்னபோது மஞ்சுநாத் சிரித்துவிட்டார். "ஆர்கனுக்கும் டெலிபோனுக்கும் ஏனு சார் சம்பந்தா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கார்டாகத் திருச்சியிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தவர். நான் இங்கேயே பிறந்தேன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். டிப்ளமோ முடித்ததும் தொலைபேசி இலாகாவில் வேலை கிடைத்தது. பெங்களூரில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் இன்றைக்கும் கையில் நிற்பது ஒன்றுதான்: மின்தொடர்பு முனைகளை உப்புக் காகிதத்தால் தேய்க்கக் கூடாது. முனையில் பூசிய வெள்ளி போய்விடும். சொரசொரப்பான மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தருவார்கள். அதை இரண்டு முனைகளுக்கு நடுவே நுழைத்து, மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு, ஒரே திசையில் இழுக்க வேண்டும். இழுத்த பிறகு ஸ்பிரிட் தொட்ட துணி. அவ்வளவுதான்.

மைசூர் நிலையத்தில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் சாரதா மேடம். சிக்கமகளூர்ப் பக்கத்துக்காரர். உயரம் குறைவு, குரலும் சின்னது. அழைப்புகளை இணைக்கும் ரிலேக்கள் ஓயாமல் சடசடக்கும் அந்தக் கூடத்தில் அவர் பேசுவதைக் கேட்க நாங்கள் குனிய வேண்டியிருக்கும். குனிந்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்பதால்தான் அப்படிப் பேசுகிறார் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பழுது ஒன்றைப் பற்றிச் சொல்லப் போனால் கையில் இருக்கும் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்ப்பார். "ஏனாய்து அந்த ஹேளி. யாக்காய்து அந்த ஹேளபேடி" என்பார். என்ன நடந்தது என்று சொல்லுங்கள், ஏன் நடந்தது என்று சொல்லாதீர்கள். "கேபிள் நனைஞ்சிருக்கும் மேடம்" என்று ஆரம்பித்தால் பேனாவைத் திறந்து மறுபடி எழுதப் போய்விடுவார். அதற்கு மேல் நாம் அங்கே நிற்பதில் பொருளில்லை.

சரஸ்வதிபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டுத் தொலைபேசி தானாக மணி அடிக்கும். எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். நான் கருவியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். புகார் திரும்பத் திரும்ப வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "மணி அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டில என்ன நடக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "போய் உட்காருங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வக்கீலின் மனைவி மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, வெளியே பொருத்தியிருந்த பெட்டிக்குள் போயிற்று. மணி அடித்தது. அன்றைக்கு மேடம் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தார் என்ற கோபம்.

தொண்ணூறுகளில் மின்னணு நிலையம் வந்தது. பழைய ரிலே அடுக்குகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். புதிய கூடத்தில் குளிர்பதனப் பெட்டியின் முனகலைத் தவிர சத்தமே இல்லை. என்னைப் புகார்ப் பிரிவில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அதே வருடம் மஞ்சள் காமாலையில் என் மனைவி கமலா போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆபீஸில் கைகளுக்கு வேலை இல்லை. வீட்டில் வாய்க்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடிப்பேன். சனிக்கிழமைக்குப் பிறகு நான் பேசும் முதல் வார்த்தை திங்கட்கிழமைதான் வரும். வானொலியைப் போட்டுவைப்பேன். அதை அணைக்கும்போது வீடு இன்னும் பெரிதாகிவிடும் என்பதால் பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு சமயத்தில், தேவாலயம் ஒன்றின் அலுவலகத் தொலைபேசியில் பழுது என்று போனேன். ஆள் பற்றாக்குறை, திரையை விட்டு எழுந்து போக எனக்கும் ஆசை. வேலை முடிந்ததும் அங்கிருந்த பாதிரியார், "சார், உள்ள ஒரு பழைய ஒயர்க் கட்டு கிடக்குது. உங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஆகுமா பாருங்க" என்று கூட்டிப்போனார்.

தேவாலயத்தின் பின்னறையில் ஒரு பெரிய மர மேஜை நின்றது. வாசிப்பவர் உட்காரும் பகுதி அது: கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை மரக்கட்டைகள், இரண்டு பக்கமும் ஒலியை மாற்றும் இழுப்புக் குமிழ்கள். குழாய்கள் இல்லை. கூரை ஒழுகித் தோல் துருத்திகள் மட்கி, எலிகள் குடியேறிய பிறகு அவற்றை எப்போதோ கழற்றிவிட்டார்களாம். மேஜையின் பின்னாலிருந்து கை பருமனுக்கு ஒரு கேபிள் வெட்டப்பட்டுத் தொங்கியது. குனிந்து பார்த்தேன். பருத்தி நூல் சுற்றிய கம்பிகளை, மெழுகு தடவிய நூலால், விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தார்கள். நாங்கள் நிலையத்தில் கட்டுவதும் அச்சு அசலாக அதே முடிச்சுத்தான். கடல் தாண்டி எங்கோ இருந்த ஒருவன் கட்டியது. லாரியில் ஏற்றி அனுப்பிய அடுக்குகள் நினைவுக்கு வந்தன.

"ஒயர் மட்டும் வேண்டாம் ஃபாதர். இதை முழுசா எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு சார் உங்களுக்கு?"

கேட்டது பாதிரியார் அல்ல. வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. கால்கட்டைகளை வாசிப்பதற்கென்றே ஆர்கன் பெஞ்சின் உள்ளே வைத்திருந்த தம்முடைய கறுப்பு ஷூக்களை எடுத்துப்போக வந்தவர். ரோஸலின் டீச்சர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஆர்கனை வாசித்தவர். அது ஊமையான பிறகு ஆர்மோனியம் வாசித்தார். இளைஞர்கள் கிதார், டிரம்ஸ் என்று வந்த பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்.

"இதைப் பேச வைக்க முடியுமான்னு பார்க்கறேன் டீச்சர்."

"குழாயே இல்லை. சும்மனே ஆசைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பாதிரியார் கமிட்டியைக் கேட்டு அனுமதி தந்தார். ஒரு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தோம். எங்கள் தெருவில் வண்டி திரும்பவே கஷ்டம். கால்கட்டைகளைத் தனியாகக் கழற்றி, வாசல் கதவையும் கழற்றி, பக்கத்துக் கடைக்காரர்கள் கை கொடுத்துத்தான் மேஜையை உள்ளே கொண்டுபோக முடிந்தது. கமலாவின் பீரோவை அடுக்களைப் பக்கம் தள்ளினேன். அவள் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சாமான் இடம் மாறியது அன்றைக்குத்தான்.

மிடி என்ற சொல்லை ஓர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் படித்திருந்தேன். கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிடி என்பது ஒலி அல்ல, செய்தி. எந்தக் கட்டை இறங்கியது, எப்போது மேலே வந்தது என்பதை ஒரு மெல்லிய ஒயர் வழியாக அனுப்பிவைக்கும். அந்தச் செய்தியைப் படித்து ஒலி எழுப்புவது மறுமுனையில் இருக்கும் வேறொரு பெட்டி. அதற்கு சவுண்ட் மாடியூல் என்று பெயர். நீங்கள் டயல் சுழற்றும்போது ஒயரில் போவதும் உங்கள் குரல் அல்ல, எண்தான். எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை.

முதலில் சுத்தம். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு மெல்லிய கம்பி உண்டு. கட்டை இறங்கினால் கம்பி போய் வெள்ளித் துண்டு ஒன்றைத் தொடும். எல்லாம் பச்சை பூத்திருந்தன. பயிற்சிக் காலத்து எஃகுத் தகட்டை எடுத்து ஒவ்வொன்றாக இழுத்தேன். கட்டைகளின் அடியில் இருந்த கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. பழைய ரயில்வே கம்பளி ஒன்றை வெட்டி ஒட்டினேன். பிறகு கட்டைகளை எட்டு எட்டாகப் பிரித்து இணைத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் கூடமே ஒயராகிவிடும். அதனால் ஒரு தெருவில் எட்டு வீடு என்பதுபோல் வைத்து, சின்ன மின்சில்லு ஒன்று தெருத் தெருவாகக் கதவைத் தட்டி, யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்க்கும்படி செய்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டையோடு வைக்க வேண்டும். அது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். எல்லாவற்றையும் என் கையாலேயே ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் அதுதான். சமைப்பதைக் குறைத்துக்கொண்டேன், தயிர்சாதம் போதும்.

ரோஸலின் டீச்சரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். மாடியூல் கிடைக்குமா என்று விசாரிக்கத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செத்தவங்க வாயில டேப் ரெக்கார்டர் வைக்கற மாதிரி இருக்கு சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பெங்களூரில் ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை பார்த்த தம் தங்கை மகனிடம் சொல்லி, அவர்கள் ஒதுக்கிவைத்திருந்த மாடியூல் ஒன்றை வரவழைத்துத் தந்ததும் அவர்தான்.

எல்லாம் இணைத்து முடித்த பிறகு, கீழ்க் கோடியிலிருந்து மேல் கோடிவரை ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக ஒலித்தது. டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, ஷூ இருந்த பையோடு வந்தார். ஷூவை மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கால்கட்டைகளைக் கண்ணால் பார்க்காமல் ஷூ நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு வலக்கையால் மட்டும் ஒரு பாட்டின் மெட்டை வாசித்தார். கூடம் முழுக்க ஒலி நிறைந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இடக்கையும் சேர்ந்தது, கால்கள் நகர்ந்தன.

சட்டென்று கைகளை எடுத்துவிட்டார்.

"யாரோ கூட வாசிக்கறாங்க" என்றார்.

எனக்கும் கேட்டது. அவர் அழுத்தாத ஒரு சுரம், நடுவில், வேண்டாத விருந்தாளி மாதிரி. மறுபடி வாசித்தார். மறுபடி வந்தது. ஷூவைக் கழற்றினார்.

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன் டீச்சர்."

"பண்ணுங்க. எனக்கு இங்க ரொம்ப நாள் இல்லை" என்றார். குன்னூரில் இருக்கும் அண்ணன் மகள் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லியிருந்தாள். கண்ணில் புரை, தனியாக இருக்க முடியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்கிறார். "போறதுக்குள்ள ஒரு தடவை முழுசா வாசிச்சா போதும். வேற ஆசை இல்லை."

இரண்டு நாள் என்றேன், வாரங்கள் போயின. ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். பழுது இல்லை. தொடர்பு முனைகளை மறுபடி சுத்தம் செய்தேன். மின்சில்லில் பதித்திருந்த நிரலில் தவறு என்று நினைத்து, அழித்து மறுபடி எழுதினேன். மாடியூலைச் சந்தேகப்பட்டேன். மழையைச் சந்தேகப்பட்டேன். நான் தொட்டால் அது ஒழுங்காக இருந்தது. எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. நான் அதை ஒவ்வொரு சுரமாக மட்டுமே கேட்டேன். மழை ஓட்டில் விழும் சத்தத்தில் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில், கமலா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிப்பேன். "சாப்பிட்டுட்டுப் பாருங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசியில் சாரதா மேடத்தின் அறைக்குப் போனேன். ஆபீஸ் விஷயம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏதோ ஒரு டையோடு கெட்டுப்போயிருக்கும்னு நினைக்கறேன் மேடம், ஆனா எதுன்னு…"

பேனாவைத் திறக்கப் போனார். நான் நிறுத்திக்கொண்டேன். பிறகு நடந்ததை மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் வாசித்தார், அழுத்தாத சுரம் வந்தது, நான் அழுத்தினால் வருவதில்லை.

"அவங்க எத்தனை கட்டை அழுத்தினாங்க?"

"தெரியாது மேடம். நாலு இருக்கலாம், அஞ்சு இருக்கலாம்."

"நீங்க?"

"ஒண்ணு. ஒரு கையில மீட்டர் பிடிக்கணுமே."

"அப்ப இந்தப் புகார் உங்களோடது இல்லை" என்றார் கன்னடத்தில். "அவங்களோடது. அவங்ககிட்ட கேளுங்க." அதோடு பேனா திறந்துவிட்டது.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டிகள் கட்டியிருந்தன. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. அவர் என்னைப் பார்த்ததும், "பரவாயில்லை சார், விட்டுடுங்க" என்றார். நான் முடித்துக்கொள்ள அனுமதி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"டீச்சர், அன்னைக்கு அந்தச் சுரம் வந்தப்ப உங்க விரல் எங்கெங்க இருந்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெட்டியின் மூடிமேல் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அந்தப் பாட்டை வாசித்தார். விரல்கள் அட்டைமேல் நகர்ந்தன. ஓரிடத்தில் நின்றன. அந்தக் கட்டைகளை மேற்கத்திய சங்கீதப் பெயர்களால் சொன்னார்.

"இங்க. ஜி, பி-ஃபிளாட், மேல ஈ-ஃபிளாட். அப்ப எஃப்-ஷார்ப் வந்தது. அசிங்கமா." மறுபடி நகர்ந்தன. "ரெண்டாவது அடியிலயும். ஜி, ஏ, ஈ-ஃபிளாட். அப்ப வெறும் எஃப்."

"ரெண்டு இடத்துலயும் ஜி இருக்கு. ஜி இல்லாத இடத்துல?"

நிதானமாக முழுப் பாட்டையும் அட்டைமேல் வாசித்து முடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார். "வரலை. ஜி இல்லாத இடத்துல ஒரு தடவைகூட வரலை சார்."

உடனே வாருங்கள் என்று ஆட்டோவில் கூட்டிவந்தேன். நடு ஸி-க்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அந்த ஜி கட்டையையும் மற்ற இரண்டையும் அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மேஜையின் பின்னால் தரையில் படுத்து மீட்டர் முனையை வைத்தேன். ஜி கட்டையின் டையோடு இரண்டு திசையிலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டிருந்தது. நான் பற்றவைத்தபோது சூடு தாங்காமல் உள்ளே பழுதாகியிருக்கிறது. ஒற்றையாக அழுத்தினால் அது நல்ல டையோடு மாதிரியேதான் நடந்துகொள்ளும். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் பின்வாசல் திறக்கும். தனியாக ஒரு மனிதன் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாத பழுது அது.

"கெடச்சிடுச்சா?" என்று மேலிருந்து கேட்டார்.

"கெடச்சிடுச்சு டீச்சர். கையை எடுத்துடுங்க."

"ஸ்வல்பம் இருங்க. வலிக்கலை" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் புதிய டையோடைப் பற்றவைக்க இரும்பு சூடாகும் வரைக்கும் அவர் அந்த மூன்று கட்டைகளையும் விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் இருட்டும்வரை வாசித்தார். எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார். முடித்ததும், "குழாய்ச் சத்தம் இல்லை இது" என்றார் டீச்சர். "ஆனா கட்டை என் கட்டைதான். அது விரலுக்குத் தெரியுது." ஷூக்களைத் துடைத்துப் பெஞ்சின் உள்ளே வைத்தார். "அங்க இது எதுக்கு?" என்றார்.

அவர் கிளம்பிய நாள் எனக்குப் பணி. வழியனுப்பப் போகவில்லை. மாடியூலைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டதற்கு, ஸ்டூடியோவில் யாருக்கும் அது வேண்டாம் என்று அவர் தங்கை மகன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரம் ஏறாமல் இருக்க இயந்திரத்துக்கு மின்சாரம் போட்டுவைப்பேன். சிவப்பு விளக்கு எரியும். காப்பி குடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. குன்னூரிலிருந்து டீச்சர். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாம். அண்ணன் மகள் வேலைக்குப் போய்விடுகிறாளாம். பகலெல்லாம் வீட்டில் அவர் மட்டும்தானாம். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டமாம். சொல்ல வேண்டியவை தீர்ந்துபோயின.

"ஆர்கனை யாரு வாசிக்கறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை டீச்சர். சுவிட்ச் மட்டும் போட்டு வைக்கறேன்."

"இப்ப போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"போனை அது மேல வெச்சுட்டு ஏதாவது அழுத்துங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர். எந்தக் கட்டையை அழுத்தணும்?"

"எதையாவது அழுத்துங்க சார். உங்களுக்கு எது பிடிக்குமோ."

ஒயர் எட்டும்வரை தொலைபேசியை இழுத்து, ரிசீவரை மேஜைமேல் மல்லாத்தி வைத்தேன். அந்த இயந்திரத்தில் எத்தனை ஆயிரம் தடவை விரல் வைத்திருப்பேன். எல்லாமே பழுது இருக்கிறதா என்று பார்க்கத்தான். எது பிடிக்கும் என்று ஒருவர் கேட்டு, ஒரு கட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது அன்றைக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, கனமான ஒலியுள்ள ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். ஒலி கூடத்தில் நின்றது. எடுக்க மனம் வராமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தேன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு" என்றார் டீச்சர்.